பாகாலாவில் விழுந்த ஓட்டை

1

எனக்குப் பிள்ளைகள் இரண்டு. மூத்தது ஒரு மென்பொருள், இளையது மகள். மூத்ததற்கு இந்த ஆவணியோடு பதினெட்டு முடிந்தது, மகள் நித்யாவுக்குப் பதினாறு நடக்கிறது. இரண்டும் நான் சொன்னால் கேட்பதில்லை, முகம் தெரியாதவர்கள் சொன்னால் உடனே கேட்கின்றன. இங்கே ஜெர்மனியில் பதினெட்டு ஆகிவிட்டால் பிள்ளை தன் காலில் நிற்க வேண்டும், பெற்றவர்கள் தலையிடக் கூடாது. அதனால் இந்த வருஷத்தோடு மூத்ததைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிடலாம் என்று நினைத்திருந்தேன். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும் என்று சும்மாவா சொன்னார்கள்.

மூத்ததின் பெயர் பாகாலா. திருப்பதிக்கும் சித்தூருக்கும் நடுவில் இருக்கிற அதே பாகாலா ஜங்ஷன்தான். இந்த மென்பொருள் தனியாக நின்று எந்தப் பெரிய காரியமும் செய்யாது. யார் எந்த கேமராவில் எடுத்த படமாக இருந்தாலும் வாங்கி, பிரித்து, மற்ற மென்பொருள்களுக்குப் புரிகிற மாதிரி மாற்றிக் கொடுக்கும், அவ்வளவுதான். எங்கள் பாகாலா ஸ்டேஷனும் அப்படித்தானே. காட்பாடியிலிருந்து வருகிறவர், தர்மாவரத்துக்குப் போகிறவர், மலைக்கு மொட்டை போடப் போகிறவர் எல்லாரும் அங்கே இறங்கி, ஒரு டீயைக் குடித்துவிட்டு, வண்டி மாறுவார்கள். அந்த ஞாபகத்தில் வைத்த பெயர். காசு கிடையாது, யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று திறந்து பார்க்கலாம், தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். ஒருவகை அன்னதானம்.

இதை என்னோடு சேர்ந்து பராமரிக்கிறவள் மார்த்தா. போர்ச்சுகலில் இருக்கிறாள். முதல் தடவை பேசியபோது அவள் கேட்ட கேள்வி, "எங்கள் ஊர்க் கருவாட்டின் பெயரை ஏன் உன் மென்பொருளுக்கு வைத்தாய்?" அவர்கள் பாஷையில் உப்பிட்டுக் காயவைத்த ஒரு மீனுக்குக் கிட்டத்தட்ட இந்தப் பெயர்தானாம். ஜங்ஷன் என்று விளக்கினேன். அவள் இன்னும் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். ஊர் வடமாலபேட்டைக்குப் பக்கம். வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் தெலுங்கு, சண்டை போட இரண்டும். நைனா, அதாவது என் அப்பா, சொந்தமாக ஒரு சாண் நிலம் இல்லாமல் கரும்பு வெட்டப் போய்க்கொண்டிருந்தவர். சித்தூர்ப் பக்கம் மாம்பழக்கூழ் ஃபேக்டரிகள் வந்ததும் அங்கே லாரிக்குச் சரக்கு ஏற்றப் போனார். அந்தக் கூலியில் என்னைத் திருப்பதியில் புதிதாகத் திறந்த கம்ப்யூட்டர் சென்டரில் சேர்த்தார். செருப்பை வாசலில் விட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். மலை மேல் சாமிக்கு என்ன மரியாதையோ, மலை அடியில் கம்ப்யூட்டருக்கும் அதே மரியாதை. அங்கிருந்து சென்னை, பெங்களூர், அப்புறம் இங்கே. சென்னையில் என்னை ஆந்திராக்காரன் என்றார்கள், திருப்பதியில் அரவாடு, அதாவது தமிழன், என்றார்கள், இங்கே எல்லாரும் இந்தியன் என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொண்டார்கள். அந்த வகையில் நிம்மதிதான்.

பாகாலாவின் பிறந்தநாளன்று, என் மனைவி சுமதி பால்பாயசம் வைத்திருந்தாள். மென்பொருளுக்குப் பாயசமா என்று நித்யா ஜெர்மனில் கேட்டாள். தமிழில் பதில் சொல்லிக்கொண்டே மின்னஞ்சலைத் திறந்தேன். முன்பின் தெரியாத ஓர் ஆராய்ச்சியாளர் எழுதியிருந்தார். ரொம்ப மரியாதையாக, இரண்டே பத்தியில், என் மூத்த பிள்ளையை வைத்து உலகத்தில் யார் வீட்டுக்குள்ளும் புகுந்துவிடலாம் என்று காட்டியிருந்தார். பாயசக் கிண்ணத்தைத் தள்ளிவைத்துவிட்டு மார்த்தாவைக் கூப்பிட்டேன்.

2

ஓட்டை என்னவென்று சொல்ல என் தங்கை ஹேமாவின் கல்யாணத்துக்குப் போக வேண்டும்.

திருப்பதியில் நல்ல முகூர்த்தம் என்றால் ஒரே கட்டடத்தில் நாலு கல்யாணம் நடக்கும். மேளம் எந்த மண்டபத்து மேளம் என்று தாலி கட்டுகிறவனுக்கே குழப்பம். மாப்பிள்ளை லோகநாதம் பாகாலாக்காரர். காலைப் பலகாரத்துக்குப் பத்துப் பேர்தான் வருவார்கள் என்று அவர்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள். நைனா அதை நம்பிப் பத்து இலை போடச் சொன்னார். வந்து நின்ற வேனிலிருந்து ஆட்கள் இறங்குகிறார்கள், இறங்குகிறார்கள், இறங்கிக்கொண்டே இருக்கிறார்கள். முதல் பத்துப் பேர் எங்கள் இலையில் உட்கார்ந்தார்கள். மீதிப் பேர் நிற்பார்களா? பக்கத்து மண்டபத்தில் போட்டிருந்த இலையில் போய் வரிசையாக உட்கார்ந்துவிட்டார்கள். அது யார் வீட்டுக் கல்யாணமோ, எங்களுக்கு இன்றுவரை தெரியாது.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. லோகநாதத்தின் பெரியப்பா கை கழுவப் போகிற சாக்கில் அந்த மண்டபத்துச் சமையற்கட்டுக்குள் நுழைந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பட்டுத் துண்டு, ஆள் கம்பீரம். "இன்னாய்யா, சாம்பார் இவ்ளோ தண்ணியா கீது? இன்னொரு வாட்டி வடைய போடு. அந்த அண்டாவ எடுத்தாந்து இப்படி வை" என்று உத்தரவு போட்டார். சமையல்காரரும் பெண் வீட்டுப் பெரிய மனுஷர் போலிருக்கிறது என்று நினைத்துச் சொன்னதையெல்லாம் செய்தார். அண்டா எங்கள் பக்கம் வந்து சேர்ந்தது.

கம்ப்யூட்டரின் நினைவகமும் இப்படி அடுத்தடுத்து இருக்கிற மண்டபங்கள்தான். ஒரு படம் உள்ளே வரும்போது, "நான் இவ்வளவு அகலம், இவ்வளவு உயரம்" என்று முன்கூட்டியே சொல்லி அனுப்பும். பாகாலா அதை நம்பி அந்த அளவுக்கு இலை போடும். அளவைப் பொய்யாகச் சொல்லிவிட்டு ஒரு வேன் நிறைய வந்து இறங்கினால், மிச்சமெல்லாம் பக்கத்து மண்டபத்தில் போய் உட்காரும். அங்கே உட்கார்ந்தது வெறும் பசிக்காரன் என்றால் மென்பொருள் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். வந்தவர் பெரியப்பா மாதிரி விவரமானவர் என்றால் சமையற்கட்டுக்குள் புகுந்து உத்தரவு போடுவார். கம்ப்யூட்டர் பணிந்து செய்யும். ஒரே ஒரு படத்தை அனுப்பி ஒரு ஆஸ்பத்திரியையோ அலுவலகத்தையோ கைக்குள் கொண்டுவந்துவிடலாம்.

பழைய கேமரா ஒன்றின் படங்களுக்காக எப்போதோ ஒரு மாணவர் எழுதி அனுப்பிய பகுதி அது. அவர் இப்போது எங்கே இருக்கிறாரோ. திருத்துவது பெரிய வேலை இல்லை. வாசலில் நின்று தலையை எண்ணிவிட்டு இலை போட வேண்டும். நாலு வரி.

3

கஷ்டம் திருத்துவதில் இல்லை, வாயை மூடிக்கொண்டு இருப்பதில் இருந்தது.

இந்தத் தொழிலில் ஒரு கட்டுப்பாடு உண்டு. ஓட்டையைக் கண்டுபிடித்தால் உடனே ஊரைக் கூட்டிச் சொல்லக் கூடாது. சொன்னால் வீட்டுக்காரருக்கு முன்னால் திருடன் வந்து நிற்பான். முதலில் இந்த மென்பொருளைத் தங்கள் தொகுப்பில் சேர்த்துக் கொடுக்கிற பெரிய விநியோகஸ்தர்களுக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லி, அவர்கள் திருத்தத்தைத் தயார் செய்த பிறகு, ஒரே நாளில் எல்லாருக்கும் அறிவிக்க வேண்டும். அந்த நாள் வரைக்கும் யாரிடமும் மூச்சு விடமாட்டேன் என்று மார்த்தாவும் நானும் வாக்குக் கொடுத்தோம்.

எங்கள் ஊரில் ரகசியம் என்றால் ஒரு சமயத்தில் ஒருவருக்கு மட்டும் சொல்வது என்று அர்த்தம். அந்தக் கணக்கு இங்கே செல்லாது.

இதில் என் தங்கை எங்கே வருகிறாள் என்றால், நடுவில் வருகிறாள். ஹேமா ஸ்ரீ சிட்டியில் ஒரு ஃபேக்டரியின் கம்ப்யூட்டர் பிரிவில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவள். ஷிப்ட் பஸ்ஸில் போய் வந்து அலுத்து, வேலையை விட்டுவிட்டுத் திருப்பதியில் சொந்தமாகச் சின்ன கம்பெனி வைத்தாள். கல்யாண மண்டபங்களுக்கு முன்பதிவு மென்பொருள் செய்வதுதான் தொழில். பெண், மாப்பிள்ளை இருவருடைய வயதுச் சான்று, ஆதார், போட்டோ எல்லாவற்றையும் அவள் தளத்தில்தான் ஏற்றுவார்கள். அந்தப் படங்களை வாங்கிப் பிரிக்க அவள் போட்டிருப்பது பாகாலா. வேறு எதையாவது போடு என்று எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். "எங்க அண்ணன் செஞ்சது வீட்ல கீறப்ப நான் எதுக்குக் கடையில வாங்கணும்?" என்பாள். அவள் பெருமை எனக்கு வினையாக வந்து சேர்ந்தது. ஆவணி முகூர்த்தங்கள் வேறு வரிசையாக வந்துகொண்டிருந்தன. அவள் கம்பெனிக்கு இதுதான் முதல் பெரிய சீசன். இந்த நேரத்தில் ஊர்ப் பெண்களின் ஆதார் எல்லாம் வெளியே போனால், கம்பெனியோடு அவள் பெயரும் போய்விடும்.

மார்த்தாவிடம் கேட்டுப் பார்த்தேன். "என் தங்கைக்கு மட்டும் ஒரு வார்த்தை சொல்லிவிடட்டுமா?"

"எல்லாருக்கும் ஒரு தங்கை இருக்கிறாள், முனிரத்தினம்" என்றாள் மார்த்தா. "என் தங்கை வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலும் பாகாலா ஓடுகிறது. நீ உன் தங்கைக்குச் சொன்னால் நான் என் தங்கைக்குச் சொல்லாமல் இருப்பேனா?"

அவள் சொன்னது நியாயம். நியாயமாக இருந்ததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது.

4

எங்கள் வீட்டுப் போன் பழக்கம் ஒன்றைச் சொல்லாமல் இந்தக் கதை விளங்காது.

நான் வெளிநாடு வந்த புதிதில் நைனா லாரியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். எனக்கு யாரும் சொல்லவில்லை. தூரத்தில் இருக்கிறவன் கலங்கிவிடக் கூடாது என்று எங்கள் பக்கத்தில் கெட்ட செய்தியைச் சொல்லவே மாட்டார்கள். அந்தச் சமயத்தில் போன் செய்தபோதெல்லாம் அம்மா, "எல்லாம் நல்லாத்தான் கீது... நல்லாத்தான் கீது" என்று இரண்டு தடவை சொன்னாள். நைனா நடக்க ஆரம்பித்த பிறகு ஒரு தடவை சொன்னாள். எனக்கு அப்போதே உறைத்தது. ஒரு தடவை சொன்னால் உண்மை, இரண்டு தடவை சொன்னால் என்னவோ இருக்கிறது. வருஷங்கள் கழித்து ஒரு காலையில் ஹேமா போன் செய்து, "எல்லாம் நல்லாத்தான் கீதுண்ணா, நல்லாத்தான் கீது" என்றாள். நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. டிக்கெட் எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். நைனாவை எடுக்காமல் எனக்காக வைத்திருந்தார்கள். இதையெல்லாம் யாரும் உட்கார்ந்து பேசி விதியாக வைக்கவில்லை. ஆனால் வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

ஆகவே, ஓட்டையை மூடுகிற வாரங்களில் நான் ஊருக்குப் பேசும்போது மிக ஜாக்கிரதையாக ஒரே தடவை சொல்லி வந்தேன். "நல்லா கீறேம்மா." முற்றுப்புள்ளி. உடனே போனை நித்யாவிடம் கொடுத்துவிடுவேன். அதுதான் வினை.

நித்யா இங்கே பிறந்து வளர்ந்தவள். கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொல்வதுதான் மரியாதை என்று இங்கத்துப் பள்ளியில் கற்றுக்கொண்டவள். அவள் தமிழ் சுத்தமாக, அளவாக, பாடப்புத்தகம் பேசுகிற மாதிரி இருக்கும். "அப்பா எப்படிடி கீறாரு?" என்று அம்மா கேட்டதற்கு, "அப்பா சரியாகச் சாப்பிடுவது இல்லை. கதவைச் சாத்திக்கொண்டு பேசுகிறார். ஒரு ரகசியம் இருக்கிறது, சொல்ல மாட்டாராம்" என்று ஒன்று விடாமல் ஒப்பித்துவிட்டாள்.

போதாக்குறைக்கு அம்மாவின் விசா. இந்த வருஷம் அம்மாவை இங்கே அழைத்து வர எல்லாம் செய்திருந்தோம். அவள் பிறப்புச் சான்றில் சித்தூர் ஜில்லா என்று இருக்கிறது. நடுவில் ஜில்லாவைப் பிரித்துவிட்டதால் புதிய காகிதங்களில் திருப்பதி ஜில்லா. இங்கே நகராட்சி அலுவலகத்தில் இருந்த அம்மணி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"உங்கள் தாயார் எப்போது இடம் மாறினார்?"

"அவர் மாறவில்லை. ஜில்லா மாறியது."

"வீடு அதே வீடா?"

"அதே வீடு. அதே வேப்பமரம்."

அவர் யோசித்தார். இந்த மாதிரி ஒரு வீடு உட்கார்ந்த இடத்திலேயே ஊர் மாறுவதற்கு அவர் கணினியில் இடம் இல்லை. மேலதிகாரியைக் கேட்க வேண்டும் என்றார். மேலதிகாரி விடுமுறையில் இருந்தார். இந்த நாட்டில் ஆகஸ்ட் மாதம் சாமியே விடுமுறையில்தான் இருக்கும். ஆக, அம்மாவின் வருகை தள்ளிப்போனது. "கொஞ்சம் லேட்டாகும்மா" என்று மட்டும் அவளிடம் சொன்னேன். ஏற்கெனவே ரகசியம், சாப்பாடு இல்லை, கதவு சாத்தல். இப்போது "வர வேண்டாம்" என்கிற தொனி வேறு. ஊரில் இதை எப்படிக் கூட்டிப் பார்த்தார்கள் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்று.

5

ஒரு மத்தியானம் ஹேமா கூப்பிட்டாள். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைதான் பேசுவாள். இது வேலைநாள்.

"அண்ணா, தனியா கீறியா?"

"கீறேன், சொல்லும்மா."

"அம்மா நீ வேலைய உட்டுட்டேன்னு நெனச்சிக்கினு கீது. இவரு உனக்கு நெஞ்சு வலின்றாரு. ரெண்டு பேருமா நேத்து மலைக்குப் போயி உன் பேருல மொட்ட போட்டுக்கினு வந்துட்டாங்க."

"மொட்டையா? அம்மாவா?"

"அம்மாதான். எத்தினி சொன்னாலும் கேக்கல. பஸ்ல போலாம்னு இவரு கெஞ்சினாரு. புள்ளைக்கு வேண்டிக்கினு பஸ்ல போவாங்களான்னுட்டு, அந்த முட்டிய வச்சிக்கினு அலிபிரியிலேந்து படியேறிச்சி."

அம்மாவுக்கு இந்த வயதிலும் முடி அடர்த்தி. எண்ணெய் தடவி, வாரி, கொண்டை போட அவளுக்கு ஒரு காலைப்பொழுது பிடிக்கும். அதை ஒன்றுமில்லாத ஒரு காரணத்துக்காகக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறாள். உண்மைக் காரணத்தை அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை. மார்த்தாவின் மேலும் கோபம் வந்தது, அந்த ஆராய்ச்சியாளர் மேலும் வந்தது, என் மேல்தான் அதிகம் வந்தது.

"நான் மலைக்குப் போவல" என்றாள் ஹேமா. "நான் உன் பாகாலாவப் பாத்தேன்."

"எந்தப் பாகாலா?"

"எந்தப் பாகாலாவா? இவரு ஊருக்குப் போயி நான் இன்னா பாக்கப் போறேன்? உன்னுதத்தான் பாத்தேன். போன வாரம் ஒண்ணு போட்டுக்கிற. 'சின்ன துப்புரவு'ன்னு பக்கத்துல எழுதிக்கிற. அண்ணா, நீ பொறந்ததுலேந்து ஒரு நாளாச்சும் தொடப்பத்தத் தொட்டுக்கிறியா?"

திருத்தத்தைப் பலவகைக் கணினிகளில் ஓட்டிச் சோதிப்பதற்காக மார்த்தாவும் நானும் அதைப் பொதுவில் போட்டிருந்தோம். யார் கண்ணிலும் படக் கூடாது என்று வெறும் துப்புரவுப் பணி மாதிரி பெயர் கொடுத்திருந்தோம். உலகத்தில் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. என் சோம்பேறித்தனம் தெரிந்த ஒருத்தி மட்டும் பார்த்துவிட்டாள்.

"நாலே வரி" என்றாள். "படம் சொல்ற அளவ நம்பாம எண்ணிப் பாக்கற வரி. இத்தினி வருசமா எண்ணாதவன் இப்ப எதுக்குண்ணா எண்ற? எங்க மாமனார் வீட்டு வேன் ஏதாச்சும் வருதா?"

நான் வாக்குக் கொடுத்திருந்தேன். மார்த்தாவின் தங்கையை நினைத்தேன். சொல்ல வேண்டியது ஒன்றே ஒன்றுதான், அதை நிதானமாகச் சொன்னேன்.

"எல்லாம் நல்லாத்தான் கீதும்மா."

அங்கே நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தத்தான் நினைத்தேன். ஆனால் மொட்டைத் தலையோடு அம்மா என் கண் முன்னால் நின்றுகொண்டிருந்தாள். வாய் தானாக அசைந்தது.

"நல்லாத்தான் கீது."

மறுமுனையில் தூரத்தில் ஆட்டோ ஒன்று போகிற சத்தம் மட்டும் கேட்டது.

"சரிண்ணா" என்றாள் ஹேமா. குரல் மாறியிருந்தது. "நான் ஒண்ணியும் கேக்கல, நீ ஒண்ணியும் சொல்லல. போட்டோ வாங்கறத இப்பவே மூடிடறேன். மண்டபத்துல ஜெராக்ஸ் வாங்கி வச்சிக்கோங்கன்னு சொல்லிக்கறேன். திட்டுவாங்க. திட்டினு போறாங்க."

"ஹேமா..."

"ஒண்ணு மட்டும் சொல்லிக்கறேன், கோச்சிக்காத. மண்டபம் புக்கிங் பாத்துக்கினு கீற எனக்கே இது தெரியுதுன்னா, திருட வர்றவனுக்குத் தெரியாதாண்ணா?"

போனை வைத்துவிட்டாள்.

6

அவள் கடைசியாகக் கேட்ட கேள்விதான் என்னை எழுப்பியது. நேராக மார்த்தாவைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். மொட்டை, வேன், துடைப்பம், இரண்டு தடவை, எதையும் விடவில்லை.

"ஒரே வாக்கியத்தை இரண்டாம் தடவை சொன்னதால் உன் தங்கைக்குத் தெரிந்துவிட்டதா?"

"ஆமாம்."

"அப்படியென்றால் நீ சொல்லிவிட்டாய்."

"சொல்லிவிட்டேன்" என்றேன். சாக்கு எதுவும் தேடவில்லை.

மார்த்தாவுக்குக் கோபம்தான். கொஞ்ச நேரம் அவளுடைய பாஷையில் ஏதோ சொன்னாள், கருவாட்டைப் பற்றி இல்லை என்று மட்டும் புரிந்தது. பிறகு, "அதை அப்புறம் பேசிக்கொள்ளலாம். நீ சொல்வதற்கு முன்பே அவள் அந்த நாலு வரியைப் படித்துவிட்டாள். அவளால் படிக்க முடிந்தால் மற்றவர்களாலும் முடியும். இனி காத்திருப்பதில் அர்த்தம் இல்லை" என்றாள். அடுத்த வாரத்துக்கு வைத்திருந்த அறிவிப்பை அன்றைக்கே கொண்டுவர முடியுமா என்று விநியோகஸ்தர்களைக் கேட்டோம். முணுமுணுத்தார்கள், ஆனால் சம்மதித்தார்கள். சாயங்காலம் காப்பி ஆறுவதற்குள் திருத்தம் உலகத்துக்கு வெளியானது. மார்த்தா தன் தங்கைக்குப் போன் செய்தாள். நான் என் தங்கைக்குச் செய்தேன்.

மறுநாள் ஹேமா ஒரு விஷயம் சொன்னாள். அவள் போட்டோ வாங்குவதை மூடிவைத்திருந்த நேரத்தில், தளத்தில் படம் ஏற்ற முயன்று திரும்பிப் போனவற்றை எடுத்துப் பார்த்திருக்கிறாள். எல்லாம் கல்யாண வீட்டுக்காரர்களின் ஆதார், போட்டோ. ஒன்று மட்டும் யாருடைய முகமும் இல்லை. தன்னைச் சின்னஞ்சிறு படம் என்று சொல்லிக்கொண்டு, உள்ளே ஒரு வேன் கூட்டத்தை அடைத்துக்கொண்டு வந்திருந்தது. மூடிய கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறது. அதைக் கேட்டதும் மார்த்தாவுக்கு எழுதினேன்.

அறிவிப்பின் அடியில் நன்றி சொல்கிற வழக்கம் உண்டு. ஆராய்ச்சியாளர் பெயருக்குக் கீழே "ஹேமாவதி, திருப்பதி" என்று மார்த்தாவே எழுதினாள். ஹேமாவுக்குத் திருப்தி இல்லை. "வடமாலபேட்டைன்னு போட்டிருக்கக் கூடாதா?" என்றாள். வீடியோவில் அவள் பக்கத்திலிருந்து லோகநாதம், "என் முடிக்கு ஒரு நன்றி கிடையாதா மச்சான்?" என்று தலையைத் தடவிக் காட்டினார். அவருக்கு முன்புறம் ஏற்கெனவே பெருமாளுக்குப் போய்விட்டது. கொடுத்தது சொச்சம்தான். அதைச் சொன்னேன். சிரித்தார்.

இதெல்லாம் எதற்கு இவ்வளவு சுற்றி வளைத்து என்று நித்யா கேட்டாள். "கால் உடைந்தால் கால் உடைந்துவிட்டது என்று சொல்ல வேண்டியதுதானே? எதற்கு ஒரு தடவை, இரண்டு தடவை?" எங்கள் வீட்டுப் பழக்கத்தை அவளுக்கு முழுசாக விளக்கினேன். நைனா போன அன்றைக்கு அத்தை எப்படிப் பேசினாள் என்பதையும் சொன்னேன். அவள் தோளைக் குலுக்கிக்கொண்டாள். "பாதுகாப்பு இல்லாத முறை" என்றாள். என் மகள்தான், சந்தேகமில்லை.

7

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அம்மா வந்தாள். முந்தானையால் தலையை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ஹேமா. என் பக்கத்தில் நித்யா, வழக்கம்போலத் தன் போனைப் பார்த்துக்கொண்டு.

"கொஞ்சம் எடும்மா, பாக்கறேன்" என்றேன்.

"ஐய, இன்னாத்த பாக்கப் போற" என்று சொல்லிக்கொண்டே முந்தானையை விலக்கினாள். சந்தனம் காய்ந்த தலை. ரொம்பச் சின்ன முகமாகத் தெரிந்தது. எனக்கு அழுகை வந்துவிட்டது, மறைக்கவில்லை.

"அட, முடிதான கண்ணு. மொளச்சிக்கும். நீ சொல்லு, எப்படி கீற?"

"நல்லா கீறேம்மா."

அம்மா திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எதற்குக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நான் வாயை இறுக மூடிக்கொண்டேன். அடுத்த வார்த்தை வரவில்லை என்று நிச்சயமானதும் அவள் தோள் தளர்ந்தது. "வெங்கடேசா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வேலை போகவில்லை, நெஞ்சு வலி இல்லை, மகன் நன்றாக இருக்கிறான். அந்த ஒரு தடவையில் அவளுக்கு எல்லாம் தெரிந்துவிட்டது.

"உனக்கு எப்படிம்மா கீது? அத்தினி படி ஏறினியே, முட்டி எப்படி கீது?"

"எனக்கு இன்னா? எல்லாம் நல்லாத்தான் கீது."

ஹேமா தலையைத் திருப்பிக்கொண்டு ஜன்னலைப் பார்த்தாள். அம்மா முந்தானையை மறுபடியும் தலைமேல் இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"நல்லாத்தான் கீது."

போனிலேயே கண்ணாக இருந்த நித்யா தலையை நிமிர்த்தாமல், தன் பாடப்புத்தகத் தமிழில் கேட்டாள்.

"அப்பா, டிக்கெட் உங்களுக்கு மட்டுமா, எனக்கும் சேர்த்தா?"